மரமும் தந்தியும்: சர் சி.வி. இராமன்

பகாங் மாநிலத்தில் அமைந்துள்ள கேமரன் மலையின் தேயிலைத் தோட்டப் பகுதிகள் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் பரந்து கிடக்கின்றன. 1929-ஆம் ஆண்டு அங்குப் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பால் மலைச் சரிவுகள் தேயிலைத் தோட்டங்களாயின. அவர்கள் வந்த இடத்திற்கு அவர்களுடைய இசையும் வந்தது. கோயில் திருவிழாவிற்குத் தவிலும் உறுமியும், பஜனைக்கு மிருதங்கமும் ஆர்மோனியமும் துணை நின்றன. இன்றைய இளைஞர்களின் கையில் கித்தாரும் இடம்பெற்றுவிட்டது.

கித்தாரின் தந்தி ஒன்றைக் கழற்றிச் சுவரில் இரண்டு ஆணிகளுக்கிடையே இழுத்துக் கட்டி மீட்டினால், பக்கத்தில் நிற்பவருக்கே ஓசை சரியாகக் கேட்காது. அதே தந்தி கித்தாரில் இருக்கும்போது ஒரு மண்டபம் முழுவதும் கேட்கிறது. அப்படியானால் ஓசை பிறப்பது தந்தியிலா, மரத்திலா? ஒரே அளவான தந்தியைக் கட்டினாலும் வீணை ஒரு விதமாகவும் கித்தார் வேறு விதமாகவும் ஒலிப்பது ஏன்?

இத்தகைய கேள்விகளுக்கு விடை தேடித் தம் இளமைக் காலத்தின் பெரும்பகுதியைச் செலவிட்ட தமிழர் ஒருவர் இருந்தார். ஒளியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக உலகம் அவரை அறிந்து வைத்திருக்கிறது. ஆனால், ஒளியிடம் செல்வதற்கு முன் பல ஆண்டுகள் அவர் ஒலியிடம் பாடம் கற்றார். அவர்தாம் சர் சி.வி. இராமன்.

இளமையும் கல்வியும்

சந்திரசேகர வெங்கட இராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள், திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள திருவானைக்காவலில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் ஆசிரியராகத் தந்தையார் பணியாற்றினார். இராமன் சிறுவராக இருந்தபோதே அவருக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரிப் பணி கிடைத்ததால் குடும்பம் அங்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் வயலின் வாசிப்பதிலும் ஈடுபாடு கொண்டவர். ஆகவே, அறிவியல் நூல்களுக்கும் இசைக்கும் நடுவில் இராமன் வளர்ந்தார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்த இராமன், 1904-இல் இளங்கலைத் தேர்வில் முதலிடம் பெற்று இயற்பியலில் தங்கப் பதக்கமும் வென்றார். 1906-இல், 18 வயதிலேயே, அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை இங்கிலாந்தின் அறிவியல் இதழ் ஒன்றில் வெளிவந்தது. 1907-இல் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

அக்காலத்தில் இந்திய மாணவர் ஒருவர் அறிவியலில் மேலும் முன்னேற வேண்டுமென்றால் இங்கிலாந்துக்குச் செல்வதே வழியாக இருந்தது. ஆனால், இராமனின் உடல் அந்நாட்டுக் குளிரைத் தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். ஆராய்ச்சியை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளத் தாய்நாட்டிலும் வாய்ப்பு அரிதாக இருந்தது. எனவே, இராமன் அரசாங்க நிதித் துறைத் தேர்வை எழுதினார். அதிலும் முதலிடம் பெற்றார். அதே ஆண்டில் லோகசுந்தரி அம்மாளை மணந்தார். வீணை வாசிக்கத் தெரிந்தவர் லோகசுந்தரி அம்மாள். 1907-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், 18 வயது இளைஞரான இராமன் உதவித் தலைமைக் கணக்காயராகப் பணியேற்க மனைவியுடன் கல்கத்தா சென்றார்.

பௌபஜார் தெருவின் பெயர்ப்பலகை

உயர்ந்த பதவி, நல்ல ஊதியம், சமுதாயத்தில் மதிப்பு ஆகிய அனைத்தும் இளம்வயதிலேயே இராமனுக்குக் கிடைத்துவிட்டன. ஆயினும், கணக்கேடுகள் அவருடைய மனத்தை நிறைக்கவில்லை. ஒருநாள் டிராம் வண்டியில் சென்றுகொண்டிருந்தபோது, பௌபஜார் தெருவில் 210-ஆம் எண் கட்டடத்தில் தொங்கிய பெயர்ப்பலகை ஒன்று அவர் கண்ணில் பட்டது. இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பலகை அது. மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய அக்கழகத்தில் ஆய்வுக்கூடம் இருந்தது, கருவிகளும் இருந்தன. ஆனால், அவற்றைப் பயன்படுத்தி ஆராய்ச்சி செய்வோர்தாம் இல்லை.

இராமன் அங்குச் சென்று ஆராய்ச்சி செய்ய அனுமதி கேட்டார். மகேந்திரலாலின் மகனும் கழகச் செயலாளருமான அமிர்தலால் சர்க்கார் அவரை மகிழ்ச்சியோடு வரவேற்றார். அன்றிலிருந்து இராமனின் நாள் இரண்டாகப் பிரிந்தது. விடியற்காலையில் ஆய்வுக்கூடம், பகலில் அலுவலகம், மாலையில் மீண்டும் ஆய்வுக்கூடம். இரவு வெகுநேரம் கழித்தே வீடு திரும்புவார். இடையில் இரங்கூனுக்கும் நாக்பூருக்கும் பணிமாற்றம் வந்தது. அங்கும் அவர் ஆராய்ச்சியை நிறுத்தவில்லை. 1911-இல் கல்கத்தாவுக்குத் திரும்பியதும் பழைய வழக்கம் தொடர்ந்தது.

கழகத்தில் விலையுயர்ந்த கருவிகள் மிகுதியாக இல்லை. ஒலியை ஆராய அவை தேவைப்படவும் இல்லை. நீட்டிக் கட்டிய ஒரு தந்தி, அதை அதிரச் செய்யும் ஓர் இசைக்கவை, அசைவைப் பதிவு செய்ய ஒரு புகைப்படக் கருவி ஆகியவற்றைக் கொண்டே பல உண்மைகளைக் கண்டறியலாம் என்பதை இராமன் உணர்ந்தார். ஒற்றைத் தந்தியுடைய ஏக்தாரா என்னும் எளிய நாட்டுப்புறக் கருவியும் அவருடைய ஆய்வுக்கு உரிய பொருளாயிற்று.

வயலினின் உடலும் ஓநாய்ச் சுரமும்

தந்திக் கருவியின் அமைப்பைப் புரிந்துகொள்ள ஓர் அடிப்படை உண்மையை அறிய வேண்டும். தந்தி மிகவும் மெல்லியது. அது அதிரும்போது சுற்றியுள்ள காற்றைச் சிறிதளவே அசைக்க முடியும். எனவே, அது தன் அதிர்வைக் குதிரை எனப்படும் தாங்கியின் வழியாக மரப்பலகைக்குக் கடத்துகிறது. அகன்ற பலகை அதிரும்போது காற்று பெருமளவில் அசைந்து, ஓசை நம் காதை எட்டுகிறது. சுருங்கச் சொன்னால், எந்தச் சுரம் ஒலிக்க வேண்டும் என்பதைத் தந்தி முடிவு செய்கிறது. அச்சுரம் எவ்வாறு ஒலிக்க வேண்டும் என்பதில் மரத்திற்குப் பெரும்பங்கு உண்டு.

மரம் எல்லாச் சுரங்களையும் ஒரே அளவில் ஏற்பதில்லை. ஒவ்வொரு கருவியின் உடலுக்கும் இயல்பான அதிர்வெண்கள் சில உள்ளன. தந்தியின் சுரம் அவற்றுள் ஒன்றோடு ஒத்துப்போகும்போது உடல் மிகுதியாக அதிர்கிறது. இதை ஒத்ததிர்வு என்பர். நல்ல ஓசைக்கு ஒத்ததிர்வு வேண்டும். ஆனால், அளவுக்கு மிஞ்சினால் அதுவே தொல்லையாகும். வயலின், செல்லோ போன்ற கருவிகளில் குறிப்பிட்ட ஒரு சுரத்தை வாசிக்கும்போது, ஓசை நிலையாக நிற்காமல் ஏறியும் இறங்கியும் ஊளையிடுவது போலக் கேட்பதுண்டு. இசைக்கலைஞர்கள் இதனை ஓநாய்ச் சுரம் என்று அழைத்தனர். அச்சுரத்தில் கருவியின் உடல் தந்தியின் ஆற்றலை மிக விரைவாக உறிஞ்சிக்கொள்கிறது. தந்தியால் தன் இயல்பான அதிர்வை நிலையாக வைத்திருக்க முடிவதில்லை. 1916-இல் இராமன் இச்சிக்கலை ஆராய்ந்து அதற்கு விளக்கம் அளித்தார்.

துணிவான முடிவு

இந்நிலையில் இராமனின் வாழ்வில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த அசுதோஷ் முகர்ஜி, இயற்பியல் துறையில் புதிதாக உருவாக்கப்பட்ட பாலித் பேராசிரியர் பதவியை ஏற்குமாறு இராமனை அழைத்தார். அரசாங்கப் பணியில் இராமனுக்கு இன்னும் உயர்ந்த பதவிகள் காத்திருந்தன. பேராசிரியர் பதவிக்கோ, அவர் வாங்கிக்கொண்டிருந்த ஊதியத்தில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். குடும்பத்தையும் எதிர்காலத்தையும் எண்ணிப் பார்க்கும் எவருக்கும் இது எளிதான முடிவன்று.

இராமன் தயங்கவில்லை. பத்து ஆண்டுகள் விடியற்காலையிலும் இரவிலும் மட்டுமே செய்து வந்த வேலையைப் பகல் முழுவதும் செய்யலாம் என்பதே அவருக்குப் பெரிதாகப்பட்டது. 1917-இல் அரசாங்கப் பதவியைத் துறந்து பேராசிரியரானார். பௌபஜார் தெருவிலிருந்த ஆய்வுக்கூடத்தையும் அவர் கைவிடவில்லை.

அடுத்த ஆண்டே, வயலின் இனத்தைச் சேர்ந்த கருவிகளைப் பற்றிய விரிவான ஆய்வு நூல் ஒன்றை வெளியிட்டார். வில் உராயும்போது தந்தி எவ்வாறெல்லாம் அசைகிறது என்பதை அதில் கணித முறையில் விளக்கி, புகைப்படங்களால் மெய்ப்பித்துக் காட்டினார். அதன் பின்னர், தாமாக வயலின் வாசிக்கும் இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். மனிதக் கை வில்லை இழுக்கும்போது வேகமும் அழுத்தமும் மாறிக்கொண்டே இருக்கும். அவற்றைத் துல்லியமாக அளக்க முடியாது. ஆகவே, இராமன் வில்லை ஓரிடத்தில் நிறுத்தி, வயலினைச் சீரான வேகத்தில் முன்னும் பின்னும் நகரச் செய்தார். குதிரைக்கு அருகில் வில்லைக் கொண்டு செல்லச் செல்லக் கூடுதலான அழுத்தம் தேவைப்பட்டது. வயலினின் உடல் மிகுதியாக அதிரும் சுரங்களை நிலையாக ஒலிக்கச் செய்வதற்கும் அவ்வாறே கூடுதல் அழுத்தம் தேவைப்பட்டது. கருவியின் உடலமைப்பு வாசிப்பவரின் கையிடம் தனக்கு வேண்டியதைக் கேட்டுப் பெறுகிறது என்பதை இவ்வாய்வு எண்களால் உணர்த்தியது.

மிருதங்கமும் வீணையும் சொன்ன உண்மை

மேலைநாட்டு வயலினோடு இராமன் நின்றுவிடவில்லை. தம் மண்ணின் இசைக்கருவிகளையும் அதே கவனத்தோடு ஆராய்ந்தார். சாதாரணமாக, இழுத்துக் கட்டிய தோலைத் தட்டினால் அதிலிருந்து எழும் பல அதிர்வெண்கள் ஒன்றோடொன்று முழு எண் விகிதத்தில் பொருந்துவதில்லை. அதனால்தான் பெரும்பாலான முரசுகள் ஓசை எழுப்புகின்றனவே தவிர, தெளிவான சுரத்தைத் தருவதில்லை. ஆனால், மிருதங்கமும் தபலாவும் சுரம் சேர்ந்து ஒலிக்கின்றன. இதற்குக் காரணம் தோலின் மேல் இடப்படும் கருநிறக் கரணையே என்று இராமன் காட்டினார். கரணையின் எடையும் பரப்பும் தோலின் அதிர்வுகளை மாற்றி, முதல் ஐந்து சீரிசைச் சுரங்களும் ஒழுங்காக அமையும்படி செய்கின்றன. 1920-இல் இந்த உண்மையை உலகறிய வெளியிட்டார்.

அடுத்து அவருடைய கவனம் தம்புராவின் மீதும் வீணையின் மீதும் சென்றது. மீட்டிய தந்தி ஒரே சுரத்தை மட்டும் எழுப்புவதில்லை. அடிப்படைச் சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரங்களும் சேர்ந்தே ஒலிக்கின்றன. இவற்றின் கலவைதான் ஓசைக்குத் தனிக்குணம் தருகிறது. தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தைக் கணுவாக, அதாவது அசையாப் புள்ளியாக, கொண்ட மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது அறிவியல் விதி. சரியாக நடுவில் மீட்டினால், இரண்டு மடங்கு அதிர்வெண் கொண்ட சுரம் கேட்கக்கூடாது.

தம்புராவும் வீணையும் இந்த விதிக்குள் அடங்கவில்லை. எங்கு மீட்டினாலும் மேற்சுரங்கள் அனைத்தும் வலிமையாக ஒலித்தன. காரணம் குதிரையின் வடிவத்தில் இருந்தது. வயலினின் குதிரை மெல்லிய விளிம்பு உடையது. தந்தி அதில் ஒரு புள்ளியில் மட்டுமே தங்கும். தம்புரா, வீணை ஆகியவற்றின் குதிரையோ அகன்று, மேற்பரப்பு மெல்லிதாக வளைந்திருக்கும். தந்தி அதிரும்போது அந்த வளைவின் மீது படிந்தும் விலகியும் உரசுகிறது. அந்தத் தொடுகை மேற்சுரங்களுக்கு மீண்டும் மீண்டும் உயிரூட்டுகிறது. தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஒரு நூலிழையை வைத்து, அதைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்திச் சரியான நாதத்தைப் பெறுவர். அந்த நூலுக்கு இசைக்கலைஞர்கள் இட்ட பெயர் ஜீவா, அதாவது உயிர்.

1921-இல் வெளிவந்த இந்த ஆய்வு மற்றொரு செய்தியையும் உணர்த்தியது. பலாமரத்தைக் குடைந்து குடம் செய்தவரும், மெழுகின் மீது 24 மெட்டுகளைக் காதால் கேட்டுக் கேட்டுப் பதித்தவரும், குதிரையின் வளைவை விரலால் தடவிச் சரிபார்த்தவரும் அறிவியல் நூல்களைப் படித்தவர்கள் அல்லர். ஆனால், தலைமுறை தலைமுறையாக அவர்கள் கைகளில் சேர்ந்திருந்த அறிவு, ஐரோப்பிய நூல்களில் எழுதப்படாத ஓர் உண்மையைத் தாங்கி நின்றது. இராமன் அதைக் குருட்டுப் பழக்கம் என்று ஒதுக்கவில்லை. பழையது என்பதற்காக மட்டும் புகழவும் இல்லை. அதற்கு அறிவியல் விளக்கம் தேடினார்.

கித்தாரின் கழுத்தும் உடலும்

இராமன் ஆராய்ந்த இந்த அடிப்படைகளைக் கித்தாரிலும் காணலாம். கித்தாரின் முகப்பலகை மெல்லியதாக இருந்தால் எளிதில் அதிரும், ஓசை பெருகும். ஆனால், தந்திகளின் இழுவிசையைத் தாங்க அதற்கு வலிமையும் வேண்டும். ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரெஸ் 19-ஆம் நூற்றாண்டில் இதற்கு நல்ல தீர்வு கண்டார். முகப்பலகையின் அடியில், விசிறி விரிந்தது போல மெல்லிய மரச்சட்டங்களை ஒட்டினார். கித்தாரின் உடலையும் பெரிதாக்கினார். ஓசைக்கு உயிர்நாடி முகப்பலகையே என்பதைக் காட்ட, 1862-இல் முதுகையும் பக்கங்களையும் காகிதக் கூழ் அட்டையால் செய்து ஒரு கித்தாரையே உருவாக்கினார். முகப்பலகை மட்டும் மரத்தால் ஆனது. இன்றைய செவ்விசைக் கித்தார்கள் பெரும்பாலும் தோரெஸ் வகுத்த வழியிலேயே செய்யப்படுகின்றன.

உடலின் அளவும் ஓசையை மாற்றும். வாய் குறுகிய குடத்தின் மேல் ஊதினால் அதனுள் இருக்கும் காற்று ஒலிக்கிறது. கித்தாரின் ஒலித்துளைக்குப் பின்னால் உள்ள காற்றும் அவ்வாறே முகப்பலகையோடு சேர்ந்து அதிர்கிறது. பெரிய உடல் தாழ்ந்த சுரங்களுக்கு வலிமை சேர்க்கிறது. சிறிய உடலில் தாழ்ந்த சுரங்கள் அடங்கி, ஒவ்வொரு சுரமும் தனித்துத் தெளிவாகக் கேட்கும். அதனால்தான் பாடலுக்குத் துணையாக வாசிப்போர் பலர் பெரிய உடலையும், விரல்களால் நுணுக்கமாக மீட்டுவோர் பலர் சிறிய உடலையும் விரும்புகின்றனர்.

உடல் ஓசையைத் தருகிறது என்றால், கழுத்து வாசிப்பவரின் கைக்கு வழிவிடுகிறது. செவ்விசைக் கித்தாரின் தந்தி நீளம் பொதுவாக 65 சென்டிமீட்டர். அதன் சரிபாதியில் 12-ஆம் மெட்டு அமைகிறது. அங்கு அழுத்தினால் தந்தியின் நீளம் பாதியாகி, சுரம் ஒரு தாயி மேலே செல்கிறது. நைலான் தந்திக் கித்தாரின் கழுத்து, தலைப்பக்கத்தில் ஏறக்குறைய 52 மில்லிமீட்டர் அகலம் உடையது. எஃகுத் தந்திக் கித்தாரில் இது பெரும்பாலும் 43 முதல் 45 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். அகன்ற கழுத்தில் விரல்கள் ஒன்றையொன்று இடிக்காமல் தனித்தனியே இயங்கலாம். குறுகிய கழுத்தைச் சிறிய கைகளால் எளிதாகப் பற்றலாம். எஃகுத் தந்திகளின் இழுவிசை மிகுதி. அது கழுத்தை வளைத்துவிடாமல் இருக்க, கழுத்தின் உள்ளே உலோகத் தண்டு ஒன்று வைக்கப்படுகிறது.

தந்திக்கும் மெட்டுக்கும் இடையே உள்ள உயரமும் முக்கியமானது. உயரம் கூடினால் அழுத்துவது கடினமாகி விரல் வலிக்கும். குறைந்தால் தந்தி மெட்டுகளில் பட்டு இரையும். அந்த இரைச்சல் கித்தாரில் குறையாகக் கருதப்படுகிறது. தம்புராவிலோ, குதிரையின் மேல் தந்தி உரசுவதே நாதத்தின் அழகு. ஒரு கருவியில் தவிர்க்க வேண்டியது மற்றொரு கருவியில் தேடிப் பெற வேண்டியதாகிறது.

கேமரன் மலையைப் போன்ற ஈரப்பதம் மிகுந்த இடங்களில் இந்த உண்மைகளை நேரடியாகவே காண முடியும். மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உப்பும். மெல்லிய முகப்பலகை சற்றே மேலெழும்பினால், அதன்மேல் உள்ள குதிரையும் உயர்கிறது. அதனால் தந்தியின் உயரம் கூடுகிறது, ஓசையும் மந்தமாகிறது. நேற்றுவரை எளிதாக வாசித்த கித்தார் இன்று விரலை வருத்தினால், அதற்கு வாசிப்பவர் மட்டுமே காரணம் ஆகமாட்டார். மழைக்காலமும் மரமும் காரணமாகலாம். கித்தாரைச் சுவரோரம் சாய்த்து வைக்காமல் மூடிய பெட்டியில் வைத்துப் பாதுகாப்பது இதனால்தான்.

ஒலியிலிருந்து ஒளிக்கு

1921-இல் இராமன் முதன்முறையாக இங்கிலாந்து சென்றார். ஒருகாலத்தில் அவருடைய உடல் தாங்காது என்று சொல்லப்பட்ட நாட்டிற்கு, பல்கலைக்கழகங்களின் மாநாட்டுப் பேராளராகப் போனார். இலண்டன் புனித பவுல் பேராலயத்தின் வட்டக் கூடத்தில், ஒரு பக்கம் கிசுகிசுக்கும் குரல் சுவரோரமாகப் பயணம் செய்து மறுபக்கம் தெளிவாகக் கேட்கும். அதையும் இராமன் ஆராயாமல் விடவில்லை.

நாடு திரும்பும் கப்பல் பயணத்தில், மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலநிறம் அவரைச் சிந்திக்க வைத்தது. கடல் நீலமாகத் தெரிவது வானத்தின் நிறத்தைப் பிரதிபலிப்பதால் மட்டுமன்று. நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று கண்டார். அங்கிருந்து தொடங்கிய ஆராய்ச்சி ஏழு ஆண்டுகள் நீடித்தது. 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், கே.எஸ். கிருஷ்ணனின் துணையோடு, ஒளி ஒரு பொருளின் மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும்போது அதில் ஒரு சிறுபகுதியின் நிறம் மாறுகிறது என்பதை இராமன் உறுதிப்படுத்தினார். இந்நிகழ்வு இராமன் விளைவு என்று பெயர் பெற்றது. இங்கும் அடிப்படை அதிர்வுதான். கித்தாரின் உடலுக்கு இயல்பான அதிர்வுகள் இருப்பதைப் போலவே மூலக்கூறுகளுக்கும் இயல்பான அதிர்வுகள் உள்ளன. சிதறிய ஒளி அவற்றை வெளிப்படுத்துகிறது.

ஒளி ஆராய்ச்சியில் மூழ்கியிருந்த அந்த ஆண்டுகளிலும் இசையை அவர் மறக்கவில்லை. ஜெர்மனியில் வெளிவந்த பெரும் இயற்பியல் தொகுப்பு நூலுக்காக, இசைக்கருவிகளைப் பற்றிய பகுதியை இராமன் எழுதினார். அது 1927-இல் வெளிவந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1930-இல், இயற்பியலுக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அறிவியலில் நோபல் பரிசு பெற்ற முதல் ஆசியர் அவரே.

இறுதிக் காலம்

1933-இல் இராமன் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். தாம் சரியென்று எண்ணியதை எளிதில் விட்டுக்கொடுக்காத இயல்பினர் என்பதால், அங்குக் கருத்து வேறுபாடுகளும் எழுந்தன. 1937-இல் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகினாலும், பேராசிரியராக அங்கேயே தொடர்ந்தார். இதற்கிடையில், 1934-இல் மிருதங்கம் போன்ற இந்தியத் தோற்கருவிகளைப் பற்றி மீண்டும் விரிவான கட்டுரை ஒன்றை எழுதினார். நோபல் பரிசு பெற்ற பின்னரும், கரணையின் மேல் மெல்லிய மணலைத் தூவி அது அமைக்கும் கோலங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதை அவர் சிறிய வேலையாகக் கருதவில்லை.

1948-இல் ஓய்வு பெற்றதும் தம் பெயரிலேயே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தைப் பெங்களூரில் தொடங்கினார். 1954-இல் இந்திய அரசு அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கியது. வைரம், மலர்களின் நிறம், கண்ணின் பார்வை என அவருடைய தேடல் இறுதிவரை ஓயவில்லை. 1970-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் தமது 82-ஆம் வயதில் இராமன் மறைந்தார். அவர் உடல் அந்நிறுவனத் தோட்டத்திலேயே தகனம் செய்யப்பட்டது. அவ்விடத்தில் எழுந்திருப்பது நினைவு மண்டபம் அன்று, ஒரு மரம்.

இராமன் விளைவு கண்டறியப்பட்ட பிப்ரவரி 28-ஆம் நாளை இந்தியா தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறது. அந்நாளில் பலரும் அவருடைய ஒளி ஆராய்ச்சியை நினைவுகூர்வர். அதற்கு முன்பு பத்து ஆண்டுகள், அலுவலகம் செல்வதற்கு முன்பும் அலுவலகம் முடிந்த பின்பும், ஒரு தந்தியின் முன் அமர்ந்து கேள்வி கேட்ட இளைஞரையும் நினைவில் கொள்ள வேண்டும். அவர் கேட்ட கேள்விகள் தொலைதூரத்திலிருந்து வந்தவை அல்ல. தந்தையார் வாசித்த வயலினும் மனைவி வாசித்த வீணையும் கச்சேரி மேடையில் ஒலித்த மிருதங்கமும் அவரைச் சுற்றியே இருந்தன. எல்லாருடைய காதிலும் விழுந்த ஓசையை ஏன், எப்படி என்று கேட்டதே இராமனை அறிஞராக்கியது.